பையனுக்கு என்ன விலை?

மாட்டுத் தரகனிடம் எனக்கு மரியாதை உண்டு. தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையைச் சுற்றிப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். மாடு வாங்க வந்தவன் எடுத்த எடுப்பிலே விலை கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். சுழி பார்க்கிறான். பத்தடி நடக்கவிட்டுக் குளம்பு எப்படி விழுகிறது என்று குனிந்து கவனிக்கிறான். அதற்குப் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறான். காரணம் சொல்லவேண்டியதில்லை. நாளைக் காலையில் அந்த மாட்டை ஏரிலோ வண்டியிலோ பூட்டப் போகிறவன் அவன். தப்பாக மதிப்பிட்டால் தண்டனையும் அவனுக்குத்தான்.

நம்முடைய விளையாட்டு ரசிகர்களிடம் இந்தப் பொறுப்பில் நூற்றிலொரு பங்கு இருந்திருந்தால் இதை எழுத எனக்கு அவசியம் ஏற்பட்டிராது. அவர்கள் பல் பார்ப்பதில்லை, நடக்கவிட்டுப் பார்ப்பதில்லை. நேரே விலைக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் யாருக்கு விலை? இன்னும் மீசை சரியாக அரும்பாத பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் இளையோருக்கான உலகக்கோப்பை ஹாக்கிப் பந்தயம் நடந்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்கள் ஆடுவது. 24 நாடுகள் வந்திருந்தன. ஜெர்மனி கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று. நம் பையன்கள் மூன்றாவது இடத்தைப் பிடித்தார்கள். ஹாக்கி என்றால் வளைதடிப் பந்தாட்டம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி என்றிருந்த நம்மவர்களில் பலர், அந்த இரண்டு வாரமும் ஹாக்கி நிபுணர்களாக அவதாரம் எடுத்தார்கள். எடுக்கட்டும். ஒரு ஊரில் ஒரு விளையாட்டின் மேல் திடீரென்று பிரியம் வருவது நல்ல சமாசாரம்தான். நான் சண்டைக்கு வருவது அந்தப் பிரியத்தோடு அல்ல; அந்தப் பிரியம் இரண்டே நாளில் தராசும் படிக்கல்லுமாக மாறிவிடுகிறதே, அதனோடு.

அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று அடித்துப் போட்டது. மறுநாள் காலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஜவ்வாது மலையில் ஏறுகிற சாலை அது. வளைவுக்கு வளைவு பிரயாணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்வார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு வாலிபர்கள். பீமன் அருவி பார்க்கப் போகிறவர்கள். உடையும் பையும் சொல்லின. கையில் போன், போனில் முதல் நாள் ஆட்டத்தின் துண்டுகள்.

“இந்தப் பின்னாடி ஆடுறானே, இவன் தேறமாட்டான் மச்சான். அஞ்சு கோல் விட்டிருக்கான்.”

“உயரமும் இல்லையேடா. லீக்ல எடுக்கமாட்டாங்க.”

“எடுத்தாலும் ரெண்டு லட்சம். அதுக்கு மேல ஒரு பைசா போகாது.”

“கோல் ஏதாவது போட்டிருக்கானா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்புறம் என்ன!”

அந்த ‘அப்புறம் என்ன’வில் ஒரு பையனின் கதை முடிந்துவிட்டது. போனை மடியில் போட்டுவிட்டு இருவரும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். படித்த பிள்ளைகள், வாய் நிறைய ‘ஸாரி’யும் ‘தாங்க்ஸு’மாகப் பழகுகிறவர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஜாதி. எனக்கு அதனால்தான் கவலை. கெட்டவன் சொல்லும் கொடுமையான தீர்ப்பை ஒதுக்கிவிடலாம். நல்லவர்கள் முறுக்குக் கடித்துக்கொண்டு சொல்லும் தீர்ப்பை என்ன செய்வது?

தடுத்தாடுகிற ஒருவனைப் பார்த்து ‘எத்தனை கோல் போட்டான்’ என்று கேட்பது, ஊர்க்காவலனைப் பார்த்து ‘எத்தனை வீட்டில் திருடினாய்’ என்று கேட்பது மாதிரி. ஆனால் இந்தக் கேள்வி அந்த இரண்டு வாலிபர்களின் மூளையில் தானாக முளைத்ததல்ல. மேலேயிருந்து விதைத்திருக்கிறார்கள்.

2013-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் மறுபடி உயிர்பெற்றபோது, 2024 அக்டோபரில் டில்லியில் மூன்று நாள் ஏலம் நடந்தது. ஏலம் என்றுதான் அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். என் மேல் பழி வேண்டாம். அடிப்படை விலை இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மூன்று படி. ஒவ்வொரு அணியிலும் 24 பேர். அதில் இளையோர் நான்கு பேராவது இருக்கவேண்டும் என்று ஒரு விதி. நல்ல விதி. அந்த ஏலத்தில் எல்லாரையும்விட அதிக விலை போனவர் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்: 78 லட்சம். வெளிநாட்டுக்காரர்களில் அதிக விலை போனவர் கொன்சாலோ பெய்லாட்: 68 லட்சம். நம்முடைய தமிழ்நாடு டிராகன்ஸ் அணி ஹாலந்து தேசத்து ஜிப் ஜான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது.

இந்த மூன்று பேரும் தடுப்பாட்டக்காரர்கள்தான்! ‘பார்த்தீர்களா, தடுப்பவனுக்கு மதிப்பில்லை என்கிறீரே’ என்று யாராவது என்மேல் பாய்வதற்கு முன்னால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மூவரும் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து வீசிக் கோல் அடிக்கும் வித்தையில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள். அவர்கள் தடுக்கவும் தெரிந்தவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த லட்சங்களில் பெரும்பங்கு போட்ட கோலுக்கு. தடுத்த கோலுக்கு அந்தச் சந்தையில் துண்டு போட்டு விரல் பிடிப்பவர் குறைவு. இது தெரிந்த எந்தப் பயிற்சியாளனும் என்ன செய்வான்? பையன் எங்கே நிற்கிறான் என்று திருத்துவதை விட்டுவிட்டு, இழுத்து வீசுவதைச் சொல்லிக்கொடுப்பான். பையனின் தகப்பனாரும் அதைத்தான் கேட்பார்.

தடுப்பாட்டம் என்றால் என்ன என்று ஹாக்கி அதிகம் பாராத வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். எதிரி பந்தோடு ஓடி வருகிறான். பார்க்கிறவனுக்குத் தோன்றுவது, பாய்ந்து பிடுங்கவேண்டும் என்பது. பாய்ந்தால் கைதட்டலும் கிடைக்கும். கெட்டிக்காரத் தடுப்பாளன் பாயமாட்டான். இரண்டடி எட்டவே நின்று, எதிரியோடு கூடவே பின்வாங்கிக்கொண்டு, அவனை நடுமைதானத்திலிருந்து ஓரக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவான். எதிரிக்குக் கோல் தெரிகிற கோணம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் அவன் வேறு வழியில்லாமல் பந்தைத் திருப்பிப் பின்னால் தட்டுவான். அவ்வளவுதான், ஒன்றுமே நடக்கவில்லை! ஒன்றுமே நடக்காதபடி செய்ததுதான் அவனுடைய சாமர்த்தியம். கோல் வட்டத்துக்குள் மட்டையைத் தப்பாக நீட்டிவிட்டால் எதிரிக்குப் பெனால்டி கார்னர் போய்ச் சேரும் என்பதால், நீட்டாமல் அடக்கிக்கொள்வதற்கே அசாத்தியக் கட்டுப்பாடு வேண்டும். இருபது வயதில் கையை அடக்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கெல்லாம் ஞாபகமிருக்கிறதல்லவா?

இதையெல்லாம் போனில் வரும் துண்டுப் படத்தில் பார்க்க முடியாது. அந்தத் துண்டுகள் கோல் விழுந்த நேரத்தை மட்டும் கத்தரித்துத் தருபவை. தடுப்பாளன் தோற்ற நிமிஷங்கள் அங்கே இருக்கின்றன. ஜெயித்த நிமிஷங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுத் தரையில் கிடக்கின்றன. ஒரு மனிதன் வாழ்க்கையில் வழுக்கி விழுந்த இடங்களை மட்டும் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, ‘இவனுக்கு நடக்கத் தெரியாது’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

பெனால்டி கார்னரையே எடுத்துக்கொள்ளலாம். கோல்காப்பவரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல்கோட்டுக்குப் பின்னால் நிற்க, மற்றவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து நகர்ந்ததும் அந்த ஐவரில் ஒருவன், முகமூடியும் முழங்கால் கவசமுமாக, நேரே பந்தை வீசப்போகிறவனை நோக்கி ஓடுவான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்து அது. 160 கிராம் கனம், கல் மாதிரி. அதற்கு எதிரே ஓடுவதுதான் அவன் உத்தியோகம். பந்து அவன் மேல் பட்டால் வெற்றி. படாமல் எதிரி பதறித் தப்பாக வீசினாலும் வெற்றி. யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூவமாட்டார்கள்.

இந்தக் காரியத்தில் உலகத்திலேயே பெயரெடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டு அமித் ரோஹிதாஸ். பாரிஸ் ஒலிம்பிக்ஸில், 2024 ஆகஸ்ட் 4-ந் தேதி, பிரிட்டனோடு காலிறுதி. பதினேழாவது நிமிஷத்தில் நடுவர் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார். அது நியாயமா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள், அதை விட்டுவிடுவோம். மீதி நாற்பத்துச் சொச்சம் நிமிஷமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. முடிவில் ஆளுக்கொரு கோல். பிறகு ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். கோல்காத்த ஸ்ரீஜேஷைத் தேசமே தலையில் தூக்கிக்கொண்டாடியது. தூக்கவேண்டியவர்தான். ஆனால் அந்த நாற்பது நிமிஷம் அவருக்கு முன்னால் வியர்வை கொட்ட நின்ற தடுப்பாளர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று அன்று பட்டாசு வெடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, ரோஹிதாஸ் ஆட அனுமதியில்லாத அரையிறுதியில், ஜெர்மனி 3-2 என்று நம்மைத் தோற்கடித்தது. இல்லாதபோது தெரிகிற உருவம் சிலருக்கு உண்டு. தடுப்பாளன் அந்த வர்க்கம்.

பழைய கதையும் இதேதான். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல்முதலாக ஹாக்கியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. தியான் சந்த் 14 கோல் போட்டார் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பந்தயம் முழுவதிலும் இந்தியா போட்ட கோல் 29. வாங்கிய கோல் பூஜ்யம். பூஜ்யம், ஐயா! ஐந்து ஆட்டத்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அதற்குக் காரணமானவர்கள் யார்? கோல்காத்த ரிச்சர்ட் ஆலன் பெயர் நூற்றில் இரண்டு பேருக்குத் தெரியலாம். அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங் பின்வரிசைத் தடுப்பாளர். ராஞ்சிப் பக்கத்து முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தை விட்டுவிட்டு, பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காக உட்கார்ந்து வாதாடியவர். இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. நடுவிலேயே மனஸ்தாபப்பட்டு விலகிவிட்டார். இந்திய ஹாக்கியின் முதல் ஒலிம்பிக் தலைவர் ஒரு மலைநாட்டுத் தடுப்பாளர் என்பதை எத்தனை ரசிகர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

‘அப்படியானால் யாரையும் எடைபோடவே கூடாதா? எல்லாப் பையன்களையும் அணியில் சேர்த்துக்கொள்ள முடியுமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வு செய்துதான் ஆகவேண்டும். பயிற்சியாளன் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு பையனை நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் பார்த்து, ‘உனக்கு இது வராதப்பா’ என்று சொன்னால், அதில் வலி இருந்தாலும் யோக்கியதை இருக்கிறது. அவன் சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்த்தவன். என் வழக்கு அவன் மேல் அல்ல. ஒரு ஆட்டத்தின் ஐந்து துண்டுகளைப் பார்த்துவிட்டு ‘ரெண்டு லட்சம்’ என்று சொல்கிறவன் மேல். தவிர, தொழிலாகவே இந்தக் காரியத்தைச் செய்கிறவர்களுக்கே இது கைவருவதில்லை என்பதற்கு ருசு இருக்கிறது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கி உண்டு. அங்கே வருஷா வருஷம் பதினெட்டு வயதுப் பையன்களை வரிசையாக நிறுத்தி, அணிகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். இவன் முதலாவது, இவன் ஐம்பதாவது என்று எண் போடுவார்கள். அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ரசிகர்கள் மாதக்கணக்கில் பட்டியல் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். 1989-ல் ஸ்வீடன் தேசத்துத் தடுப்பாளப் பையன் ஒருவன் 53-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டான். அவனுக்கு முன்னால் ஐம்பத்திரண்டு பேர் தேவலை என்று அத்தனை நிபுணர்களும் முடிவுகட்டினார்கள். அவன்தான் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். அந்த லீகின் தலைசிறந்த தடுப்பாளனுக்கு வருஷத்துக்கொருமுறை தரும் பரிசை ஏழு தடவை வாங்கினான். 1993-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டது அலெக்ஸாந்தர் டெய்க்ல் என்ற முன்வரிசைப் பையன். கோல் போடுகிறவன் அல்லவா? இரண்டாவதாக எடுக்கப்பட்டது கிறிஸ் பிராங்கர் என்ற தடுப்பாளன். முதலாமவன் எதிர்பார்த்த உயரத்தை எட்டவேயில்லை. இரண்டாமவன் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தான். தொழில்காரர்களின் கதையே இப்படி இருக்கிறது. முறுக்குக் கடிக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

தடுப்பாளன் தாமதமாகப் பழுக்கிறவன். முன்வரிசைக்காரனுக்குக் காலும் துணிச்சலும் போதும். பதினெட்டில் இரண்டும் உச்சத்தில் இருக்கும். தடுப்பாளனுக்கு வேண்டியது எதிரியின் மனத்தைப் படிக்கிற பழக்கம். அது பத்து வருஷம் ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொள்ளவேண்டிய பாடம். 5-1 என்று தோற்ற அந்த ராத்திரி, நம் பையன்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பாடத்தில் ஒரு அத்தியாயம் முடிந்தது. மூன்றாவது நாளே அர்ஜென்டினாவோடு ஆடி, இரண்டு கோல் பின்தங்கியிருந்து, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். உடனே அதே ரசிகர்கள் அதே பையன்களைத் தங்கக்கட்டி என்றார்கள். மூன்று நாளில் மாறியது பையன்களா, ரசிகர்களா?

பஸ்ஸில் நடந்ததில் ஒரு பகுதியை இன்னும் நான் சொல்லவில்லை. அந்த வாலிபர்களுக்குப் பக்கத்தில், நிற்பதற்கு இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு மலைப்பையன் வந்துகொண்டிருந்தான். பதின்மூன்று வயதிருக்கலாம். அவன் கண் அந்தப் போனை விட்டு அகலவில்லை. வளைவில் பஸ் திரும்பியபோது நாங்களெல்லாம் சாய்ந்தோம், அவன் சாயவில்லை. கால் இரண்டும் தரையில் ஊன்றினபடி, உடம்பைமட்டும் இடுப்பில் வளைத்துக்கொடுத்து நின்றான். எதிரியோடு கூடவே பின்வாங்குகிறவனுக்கு வேண்டிய கால் அது. நான் நிபுணனல்ல; இவனும் தேறுவான் என்று தீர்ப்புச் சொன்னால் நானும் முறுக்குக் கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன். என் கேள்வி வேறு. இவனைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

சமவெளிப் பையனைத் தப்பாகவாவது எடைபோடுகிறார்கள். மலைப்பையனை எடைபோடவே ஆள் இல்லை. ஜவ்வாது மலையில் நான் சுற்றிய ஊர்களில் ஒரு ஹாக்கி மட்டையைக்கூடக் காணவில்லை. சாமை கதிர் அடிக்கிற களத்தையும் தேன்கூடு தொங்குகிற பாறையையும் பார்த்தேன். பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வனத்துறை நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. பையன்கள் ஓடுகிறார்கள், ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள். எங்கும் சரிவு. பந்தைத் தட்டினால் பள்ளத்துக்குத்தான் போகும்.

மலைக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம். ஒடிசாவின் சுந்தர்கட் ஜில்லாவில் சௌனாமரா என்று ஒரு சின்னக் கிராமம். இந்தியாவுக்காக 412 ஆட்டங்கள் ஆடி, மூன்று ஒலிம்பிக்ஸுக்குப் போய், அணித் தலைவராகவும் இருந்த தடுப்பாளர் திலீப் திர்க்கி அந்த ஊர்க்காரர். 2022-ல் ஹாக்கி இந்தியாவின் தலைவராகவும் ஆனார். மேலே சொன்ன அமித் ரோஹிதாஸும் அதே ஊர். பக்கத்துச் சிம்டேகா சீமையில் பிறந்தவர் மைக்கேல் கிண்டோ. 1975-ல் உலகக்கோப்பை வென்ற அணியின் பின்வரிசைக்காரர், பழங்குடியினர். இத்தனை பேரும் தடுப்பாளர்கள் என்பதைக் கவனியுங்கள்! அந்த வட்டாரத்தில் கிராமத்துக்குக் கிராமம் பந்தயம் நடக்கும். ஜெயித்த அணிக்கு ஆட்டுக்கிடாய் பரிசு. மரக்கிளையை வளைத்து மட்டையாக்கிக்கொண்ட பிள்ளைகள் கிடாய்க்காக ஆடுவார்கள். அங்கே பையன்கள் ஆடுகிறார்கள், ஆடு பரிசு. நம் ஏலக்கூடத்திலோ பையன்களே ஆடு.

அந்த மண்ணில் ஏதோ மாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அங்கே மிஷன் பள்ளிகள் இருந்தன, மைதானம் இருந்தது, பிறகு சர்க்கார் விளையாட்டு விடுதி வந்தது. விடுதி வந்த பிறகும் பையன்களை உடனே விற்கப் பார்க்காமல் வருஷக்கணக்கில் சோறுபோட்டு ஆடவிட்டார்கள். நம் நாட்டிலும் இது நடக்காததல்ல. கோவில்பட்டியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் வளர்ந்த கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். தீப்பெட்டி ஊரில் முடிந்தது சாமை விளைகிற ஊரில் ஏன் முடியாது? அந்த இருவரும் தடுப்பாளர்கள் அல்ல என்பதையும் போகிறபோக்கில் குறித்துவைக்கிறேன்.

மலையாளிப் பழங்குடியினருக்குத் திறமை போதாதோ என்று சந்தேகப்படுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அந்தச் சமூகத்து ஸ்ரீபதி என்ற பெண் இருபத்து மூன்று வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறியது 2024-ல் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அவரையும் யாராவது பதினெட்டு வயதில் பார்த்து விலை சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

காத்திருந்து பார்ப்பது எப்படி என்று தெரியாவிட்டால், அதைக் கற்றுக்கொடுக்கிற இடமும் இதே மலையில்தான் இருக்கிறது. காவலூரில் வைனு பாப்பு வானாய்வு நிலையம். 1986-ல் அங்கே பெரிய தொலைநோக்கியைத் திறந்துவைத்தார்கள். 1988-ல் அந்த மலையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு புள்ளியைப் பார்த்தவுடனே ‘இதோ கோள்’ என்று யாரும் குதிக்கவில்லை. மறுபடி மறுபடி பார்த்து, நட்சத்திரங்களுக்கு நடுவே அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, பாதை ஊர்ஜிதமான பிறகுதான் பெயர். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற கல்லுக்குக் கிடைத்த கவனம், அந்த மலையடிவாரத்துப் பள்ளியில் படிக்கிற பையனுக்குக் கிடைக்கக்கூடாதா?

ஒரு கணக்கில் நான் சொன்னது தப்பு என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். மலைப்பையன்களை எடைபோட ஆட்கள் வரத்தான் செய்தார்கள். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள். எவனுக்குத் தோள் வலு, எவன் இருட்டில் காடு ஏறுவான், எவன் சுமை தூக்கிக்கொண்டு இறங்குவான். வேறு எதைப் பார்ப்பார்கள்? கோடாலி பிடிக்கத் தெரிந்த கைக்கு முன்பணம் தந்து, எல்லை தாண்டி ஆந்திராவின் சேஷாசலக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி அந்தக் காட்டில் அதிரடிப்படை சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கட்டையின் விலை கிலோக் கணக்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏஜெண்டு கண்ணில் பட்ட அதே தோளும் அதே காலும், ஒரு பயிற்சியாளன் கண்ணில் பட்டிருக்கக்கூடாதா என்று நான் கேட்டால், விளையாட்டுக் கட்டுரையில் பிணத்தை இழுக்கிறாயே என்பார்கள். இழுக்கத்தான் செய்வேன். யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரசிகர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகமில்லை. அடுத்தமுறை ஒரு இளந்தடுப்பாளனைப் பார்க்கும்போது, கால்மணி நேரம் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். பந்து எதிர்க்கோடியில் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், தன் பக்கத்தானைக் கூப்பிட்டு இடம் மாற்றுகிறானா, ஏமாந்த மறுநிமிஷம் தலை தொங்குகிறதா நிமிர்கிறதா. அதற்குப் பிறகும் விலை சொல்லவேண்டும் என்று நாக்கு அரித்தால் சொல்லிக்கொள்ளுங்கள். அரிக்காது என்று நினைக்கிறேன்.

சர்க்காரிடம் கேட்பது இன்னும் சொற்பம். உலகக்கோப்பைக்காக மதுரையில் புதிதாகவே ஒரு ஹாக்கி மைதானம் எழுந்தது. செயற்கைப் புல், விளக்கு எல்லாம் வந்தன. ஜமுனாமரத்தூருக்குச் செயற்கைப் புல் வேண்டாம். நூறு கெஜ நீளம், அறுபது கெஜ அகலத்துக்குச் சரிவைச் செதுக்கிச் சமன் செய்து கொடுங்கள். உறைவிடப் பள்ளிக்கு நாற்பது மட்டை. கோவில்பட்டியிலிருந்து, மலையில் குடியிருக்கச் சம்மதிக்கிற ஒரு பயிற்சியாளர். அவருக்கு வீடு, சம்பளம். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மாதம் ஒருமுறை ஊருக்கு ஊர் பந்தயம். பரிசுக்குக் கிடாய் வாங்க நான் சந்தா தருகிறேன், ரசிகர்களும் தரட்டும். அந்தப் பயிற்சியாளரிடம் முதல் ஐந்து வருஷத்துக்கு எந்த அதிகாரியும் எந்த நிருபரும் ‘எத்தனை பேர் தேறினார்கள்’ என்று கேட்டு ஆள் அனுப்பக்கூடாது. அதை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும்.